குழந்தையைப் பார்க்கும் உரிமைத் தகராறில் புரோபேஷனை மீறினால் என்ன ஆகும்? கலிபோர்னியாவில் வாழும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிந்து வாழும் பெற்றோருக்குள் குழந்தையை யார், எந்தக் கிழமை, எத்தனை மணி வரை வைத்திருப்பது என்ற தகராறு பெரும்பாலும் குடும்ப நீதிமன்றத்திலேயே முடிந்துவிடும். ஆனால் இருவரில் ஒருவர் ஏற்கெனவே புரோபேஷனில், அதாவது சிறைக்குப் பதிலாக நீதிமன்ற நிபந்தனைகளோடு வெளியே விடப்பட்ட நிலையில், இருந்தால் கதை வேறு. ஞாயிறு மாலை 6 மணிக்குத் திருப்பி விட வேண்டிய குழந்தையைத் திங்கள் காலை வரை வைத்திருந்தது குடும்ப நீதிமன்றத்தில் ஒரு புகாராகவும், குற்றவியல் நீதிமன்றத்தில் சிறைக்கு அனுப்பும் காரணமாகவும் ஒரே நேரத்தில் மாறலாம். குடியுரிமை இல்லாதவருக்கு மூன்றாவதாகக் குடிவரவுச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டம் மாறும். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் கலிபோர்னியாவின் சட்டத்தை வைத்தே இங்கே எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் பிரிவு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வக்கீலைப் பார்ப்பதற்கு இது மாற்றும் அல்ல. வக்கீல் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க இது உதவும்.

குழந்தைத் தகராறில் புரோபேஷன் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகளில் வரும். உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விளைவுகள் அதைப் பொறுத்தே அமையும்.

முதல் வழி, குற்றவியல் சட்டத்தின் 278.5-ஆம் பிரிவு. கஸ்டடி (குழந்தையை வைத்து வளர்க்கும்) உரிமை உள்ளவரிடமிருந்தோ, பார்க்கும் உரிமை உள்ளவரிடமிருந்தோ குழந்தையைத் தீய நோக்கத்தோடு எடுத்துப் போவது, தராமல் வைத்திருப்பது, மறைப்பது எல்லாம் இதில் அடங்கும். நீங்கள் பெற்ற தாயாகவோ தந்தையாகவோ இருந்தாலும் பொருந்தும். உங்களிடமே கஸ்டடி இருந்து, மறுதரப்பின் சந்திப்பு நாளில் குழந்தையை அனுப்பாமல் ஒளித்தாலும் பொருந்தும். இதைச் சிறு குற்றமாகவும் போடலாம், பெருங்குற்றமாகவும் போடலாம். சிறு குற்றமானால் கவுண்டி சிறையில் ஓராண்டுக்குள், 1,000 டாலர் வரை அபராதம். பெருங்குற்றமானால் 16 மாதம், 2 ஆண்டு அல்லது 3 ஆண்டு, அபராதம் 10,000 டாலர் வரை. முதல் முறை மாட்டுபவருக்குச் சிறைக்குப் பதில் புரோபேஷன் கிடைப்பது உண்டு.

இரண்டாவது, குடும்ப வன்முறை வழக்கு. கணவன் மனைவி சண்டையில் போலீஸ் வந்து, வழக்காகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு புரோபேஷன் வாங்கியவர்கள் இந்த வகை. 1203.097-ஆம் பிரிவின்படி இதில் குறைந்தது 36 மாதம் புரோபேஷன், வன்முறையைக் கைவிடக் கற்றுத்தரும் 52 வார வகுப்பு, பாதுகாப்பு ஆணை எல்லாம் சேர்ந்தே வரும். அந்த வகுப்பை 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தக்க காரணத்தோடு விட அனுமதி இருப்பதும் மொத்தம் 3 வகுப்புகள்தான்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது. குடும்ப நீதிமன்ற ஆணையை மீறியதற்காக நீதிமன்ற அவமதிப்பு நிரூபணமானால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 1218-ஆம் பிரிவு முதல் முறைக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 120 மணி நேரம் வரை சமூக சேவையோ சிறையோ விதிக்கிறது. அதற்குப் பதிலாக நீதிபதி புரோபேஷன் தரலாம்: முதல் முறை ஓராண்டு வரை, இரண்டாம் முறை 2 ஆண்டு வரை, அதற்கு மேல் 3 ஆண்டு வரை.

சாதாரணக் குற்ற வழக்குகளில் 2021 ஜனவரி 1 முதல் சிறு குற்றத்துக்கு ஓராண்டு, பெருங்குற்றத்துக்கு 2 ஆண்டு என்பதே புரோபேஷனின் உச்ச வரம்பு. குடும்ப வன்முறை வழக்கில் சட்டமே தனிக் காலம் சொல்லியிருப்பதால் இந்தச் சுருக்கம் அங்கே கிடைக்காது.

முதல் படி: எல்லாக் காகிதங்களையும் ஒரே மேசையில் விரியுங்கள்

எந்தக் காகிதம் கையில் இருக்கிறது என்றே தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களே அதிகம். மூன்று வேண்டும். புரோபேஷன் நிபந்தனைகள் எழுதிய தீர்ப்புத் தாள். குற்றவியல் நீதிமன்றம் தந்த பாதுகாப்பு ஆணை, அதாவது சிஆர்-160 படிவம். குடும்ப நீதிமன்றத்தின் கஸ்டடி, சந்திப்பு ஆணை. இது பெரும்பாலும் எஃப்எல்-341 இணைப்பாக இருக்கும்.

சிஆர்-160-ஐ வரி வரியாகப் படியுங்கள். முன்னாள் மனைவியையோ கணவரையோ தொடர்புகொள்ளக் கூடாது, இத்தனை கஜத்துக்குள் போகக் கூடாது என்ற வரிகள் இருக்கும். அவற்றுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. குழந்தையைக் கைமாற்றவும், நீதிமன்றம் அனுமதித்த சந்திப்புக்காகவும் மட்டும் அமைதியான தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். அந்தக் கட்டத்தில் நீதிபதி குறியிட்டிருக்கிறாரா, குடும்ப வழக்கின் எண்ணை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். குறி இல்லை என்றால், குடும்ப நீதிமன்றம் சனிக்கிழமை தோறும் குழந்தையைக் கூட்டிப் போகலாம் என்று தந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் வாசலில் போய் நின்றாலும் கைதாகலாம். இரண்டு ஆணைகள் மோதும்போது, தொடர்பே கூடாது என்று சொல்லும் ஆணைதான் மேலே நிற்கும். குடும்பச் சட்டத்தின் 6383-ஆம் பிரிவு அந்த வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது. போலீஸ்காரர் வாசலில் நின்று அதைத்தான் பார்ப்பார்.

இந்தக் கட்டம் விடுபட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. தீர்ப்பு நாளன்று யாரும் கேட்கவில்லை, நீதிபதியும் குறிக்கவில்லை, அவ்வளவுதான். குற்றவியல் வழக்கு பார்க்கும் வக்கீலுக்குக் குடும்ப வழக்கில் என்ன நடக்கிறது என்று தெரியாது; குடும்ப வக்கீல் சிஆர்-160-ஐப் பார்த்திருக்கவே மாட்டார். இரண்டு வக்கீல்களிடமும் இரண்டு வழக்குக் காகிதங்களையும் கொடுங்கள். இதற்குச் செலவு இல்லை. இதைவிடப் பயனுள்ள ஒரு வேலையை என்னால் சொல்ல முடியாது.

இரண்டாவது படி: எதெல்லாம் மீறல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக ஒரு குற்றம் செய்வது மீறல் என்பது எல்லோருக்கும் தெரியும். குழந்தைத் தகராறில் இருப்பவர்களைப் பிடிப்பது மற்றவை. நேரத்துக்குக் குழந்தையைத் திருப்பி விடாதது, கண்காணிப்போடு மட்டுமே பார்க்கலாம் என்ற இடத்தில் தனியாகக் கூட்டிப் போனது, வகுப்பைத் தவறவிட்டது, புரோபேஷன் அதிகாரியிடம் சொல்லாமல் வீடு மாறியது, அனுமதியில்லாமல் மாநிலம் தாண்டியது, நீதிமன்றத் தேதிக்குப் போகாதது எல்லாமே கணக்கில் வரும்.

நம் குடும்பங்களில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. தொடர்பு கூடாது என்ற ஆணை நேரடித் தொடர்பை மட்டும் தடுப்பதில்லை. வேறொருவர் மூலமாகச் சொல்லி அனுப்புவதையும் தடுக்கிறது. வக்கீல் மூலமாகப் பேசலாம், அது வேறு. சித்தப்பாவை விட்டுப் பேசச் சொல்வது, சென்னையிலிருக்கும் அம்மா மருமகளுக்கு போன் போட்டு "எம் புள்ளை பேரனைப் பாக்காம சோறு திங்க மாட்டேங்கறான்மா" என்று அழுவது, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருக்கு உறைக்கட்டும் என்று எதையாவது போடுவது: நாம் சமாதான முயற்சி என்று நினைக்கும் இவை நீதிமன்றத்தில் மறைமுகத் தொடர்பாகப் பதிவாகலாம். நீங்கள் சொல்லித்தான் அம்மா பேசினாரா என்ற கேள்வி வரும். பெரியவர்களிடம் ஆணையைத் தமிழில் விளக்கிச் சொல்லிவிடுங்கள். அவர்கள் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்வார்கள்.

அப்புறம், எதிர்த்தரப்பே கூப்பிட்டால்? ஒரு உதாரணம் பார்ப்போம். புரோபேஷனில் இருக்கும் ஒரு தந்தைக்கு இரவு 9 மணிக்கு முன்னாள் மனைவியிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது: "பாப்பாவுக்குக் காய்ச்சல், உங்களைத்தான் கேக்கறா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க." அவர் மருந்தோடு போகிறார். உள்ளே பேச்சு வளர்ந்து குரல் உயர்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் 911-ஐ அழைக்கிறார். வந்த போலீஸ் கணினியில் பார்த்தால் பாதுகாப்பு ஆணை அமலில் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப்பைக் காட்டினாலும் கைது நிற்காது. ஆணை கட்டுப்படுத்துவது அவரைத்தான், அழைத்தவரை அல்ல. அதை மாற்ற நீதிபதியால் மட்டுமே முடியும். அந்தச் செய்தி பிறகு நீதிபதியின் மனதை இளக்க உதவலாம், எனவே அழிக்கக் கூடாது. ஆனால் அன்றிரவு அவர் செய்திருக்க வேண்டியது, அந்தச் செய்தியை வக்கீலுக்கு அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்ததுதான். குழந்தை அழும்போது அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

பணம் கட்டாததற்கு ஒரு விதிவிலக்கு. 1983-இல் பியர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உண்மையிலேயே கட்ட வசதியில்லாதவரை வேறு வழி பார்க்காமல் அதற்காக மட்டும் சிறைக்கு அனுப்பக் கூடாது என்றது. வேலை போய்க் கட்டணம் கட்ட முடியவில்லை என்றால், நிலுவை ஏறும் முன்பே வருமானக் காகிதங்களோடு போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாவது படி: மீறல் நடந்துவிட்டால் முதல் நாள்

குழந்தை உங்களிடம் இருந்தால் முதலில் குழந்தையை உரியவரிடம் சேருங்கள். தொடர்புத் தடை இருந்தால் நேரில் போகாமல் வக்கீல் மூலமாகவோ, ஆணையில் சொன்ன கைமாற்று இடத்திலோ சேருங்கள். கைதுக்கும் கைது வாரன்ட்டுக்கும் முன்பே குழந்தை எந்தத் தீங்கும் இல்லாமல் திரும்பி வந்தது என்பது 278.6-ஆம் பிரிவில் தண்டனையைக் குறைக்கும் காரணமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதே பிரிவு, குழந்தையைத் தேடி மீட்க ஆன செலவைக் குற்றவாளியிடம் வசூலிக்கவும் சொல்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் எண்ணப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குற்றவியல் வக்கீலைக் கூப்பிடுங்கள். வசதியில்லை என்றால் உங்கள் பழைய வழக்கைப் பார்த்த பப்ளிக் டிஃபெண்டர் (அரசு அமர்த்தும் வக்கீல்) அலுவலகத்தை அழையுங்கள். அதன் பிறகே புரோபேஷன் அதிகாரியிடம் பேசுவது. அவரிடம் பொய் சொல்வது தனி மீறல். ஆனால் அவரிடம் சாதாரணமாக ஒப்புக்கொள்வது உங்களுக்கு எதிரான சாட்சியமாகும். 1984-இல் மினசோட்டா எதிர் மர்ஃபி வழக்கில் இது முடிவான விஷயம்; போலீஸ் கைது செய்யும்போது படிக்கும் எச்சரிக்கை அங்கே படிக்கப்படாது. ஆகவே என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வக்கீலோடு பேசிவிட்டுப் போங்கள். போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

முன்னாள் துணைக்கு விளக்கக் கடிதம், மன்னிப்புச் செய்தி எதுவும் வேண்டாம். போனில் இருப்பதை அழிக்கவும் வேண்டாம்.

நான்காவது படி: குற்றவியல் நீதிமன்றத்தில் என்ன நடக்கும்

1203.2-ஆம் பிரிவுதான் இங்கே ஆட்சி செய்கிறது. மீறல் நடந்தது என்று நம்பக் காரணம் இருந்தால் புரோபேஷன் அதிகாரியோ போலீஸோ வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். அல்லது அறிக்கை போய், நீதிபதி புரோபேஷனைத் தற்காலிகமாக ரத்து செய்து வாரன்ட் போடுவார். அந்த நொடியே புரோபேஷன் கடிகாரம் நின்றுவிடும். இன்னும் இரண்டு மாதம்தானே, இழுத்தடித்தால் முடிந்துவிடும் என்று கணக்குப் போடுபவர்கள் இதை மறக்கிறார்கள்.

விசாரணை வரை சிறையிலேயே இருக்க வேண்டுமா? 2022 முதல் நடைமுறையில் உள்ள 1203.25-ஆம் பிரிவு, பொதுவாகச் சொந்தப் பொறுப்பில் விடுவிப்பதையே தொடக்கப் புள்ளியாக வைக்கிறது. பாதுகாப்புக்கோ, திரும்ப ஆஜராவதற்கோ அது போதாது என்று வலுவான சான்று இருந்தால் நீதிபதி நிபந்தனைகள் போடலாம். குழந்தையை மறைத்தவர், விமான டிக்கெட் வாங்கியவர் என்றால் அந்தச் சலுகையை அதிகம் நம்ப வேண்டாம்.

இந்த விசாரணையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் வழக்கில் இருந்த பாதுகாப்புகள் பல இங்கே கிடையாது. நடுவர் குழு இல்லை. ஒரே நீதிபதிதான் முடிவு செய்வார். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பட்டால் போதும். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990-இல் இந்த அளவுகோலை உறுதி செய்தது. சாதாரண விசாரணையில் ஏற்காத சில ஆவணங்கள்கூட, நம்பத்தக்கவை என்றால் ஏற்கப்படும். அதனால்தான் புதிய குற்றத்தைத் தனி வழக்காகப் போடாமல், அரசு வழக்கறிஞர் புரோபேஷன் மீறலாக மட்டும் கொண்டுபோவது உண்டு. அவருக்கு அது எளிது.

அதற்காக உரிமையே இல்லை என்பதில்லை. 1972-இல் மாரிசி எதிர் புரூவர், 1973-இல் கேக்னன் எதிர் ஸ்கார்பெல்லி வழக்குகளில் வந்த உரிமைகள் இவை: என்ன மீறல் என்று எழுத்தில் அறிவிப்பு, உங்களுக்கு எதிரான சான்றைப் பார்ப்பது, நேரில் பேசி உங்கள் சாட்சிகளைக் கொண்டுவருவது, எதிர்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, பக்கம் சாராத நீதிபதி, காரணம் எழுதிய முடிவு. கலிபோர்னியாவில் வக்கீல் உரிமையும் உண்டு. மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வீட்டில் ஆங்கிலம் பேசுகிறோம் என்ற கூச்சத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நீதிமன்ற ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம் அல்ல.

உங்கள் வாதம் சுற்றுவது ஒரே கேள்வியை: வேண்டுமென்றே மீறினீர்களா? நெடுஞ்சாலையில் விபத்து, குழந்தை அவசர சிகிச்சைப் பிரிவில், விமானம் ரத்து என்றால் அது வேண்டுமென்றே செய்தது அல்ல. மருத்துவமனை ரசீதில் இருக்கும் நேரமும், அந்த நேரத்திலேயே வக்கீலுக்கோ, பிரிந்த பெற்றோர் குழந்தை பற்றிப் பேசிக்கொள்ளும் போன் செயலியிலோ நீங்கள் அனுப்பிய செய்தியும் பக்கம் பக்கமான விளக்கத்தைவிட அதிகம் பேசும்.

ஒரே சம்பவத்துக்குப் புதிய வழக்கும் இருந்தால், மீறல் விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறலாமா என்ற குழப்பம் வரும். 1975-இல் வந்த கோல்மன் தீர்ப்பின்படி, இங்கே நீங்கள் சொன்னதைப் புதிய வழக்கில் உங்களுக்கு எதிரான நேரடிச் சான்றாக வைக்க முடியாது. ஆனால் அங்கே மாற்றிப் பேசினால் அதை எடுத்துக் காட்டுவார்கள். ஏறுவதா வேண்டாமா என்பதை வக்கீல் முடிவுக்கு விடுங்கள்.

முடிவு எப்படி வரலாம்

மீறல் இல்லை என்று தள்ளுபடி ஆகலாம். மீறல் உண்டு, ஆனாலும் பழைய நிபந்தனையிலேயே தொடரட்டும் என்று விடலாம். கூடுதல் வகுப்பு, சில நாள் கவுண்டி சிறை, கண்காணிப்போடு மட்டும் சந்திப்பு, காலில் மாட்டும் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை என்று இறுக்கலாம். கடைசியாக, புரோபேஷனை முழுதாக ரத்து செய்து தண்டனையை நடைமுறைப்படுத்தலாம்.

இந்தக் கடைசி முடிவில் என்ன காத்திருக்கிறது என்பதை உங்கள் தீர்ப்புத் தாளிலேயே பார்க்கலாம். தண்டனையை அறிவிக்காமலே நிறுத்தி வைத்திருந்தால், நீதிபதி இப்போது சட்ட வரம்புக்குள் எதையும் தேர்ந்தெடுக்கலாம். தண்டனையை அறிவித்து, அதன் அமலை மட்டும் நிறுத்தி வைத்திருந்தால், அன்று சொன்ன அதே ஆண்டுகள்தான்; குறைக்க அவருக்கே அதிகாரம் இல்லை என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லிவிட்டது. இரண்டாவது வகையில் இருப்பவர் ஒரு மணி நேரத் தாமதத்தைக்கூட விளையாட்டாக எடுக்கக் கூடாது.

பாதுகாப்பு ஆணையை மீறியது 166 அல்லது 273.6-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவும் வரலாம். சட்டத்தில் ஓராண்டு என்று எழுதியிருந்தாலும், 2015 முதல் சிறு குற்றத்துக்கு உச்சம் 364 நாள். அந்த ஒரு நாள் குறைப்பு குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பெரிய விஷயம், கீழே வருகிறேன்.

ஐந்தாவது படி: குடும்ப நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கும்

மீறல் தீர்ப்பின் நகல் மறுநாளே எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எல்-300 படிவத்தில் கஸ்டடியை மாற்றக் கேட்பார்கள். இங்கே நீதிபதி பார்ப்பது உங்கள் தண்டனையை அல்ல, குழந்தையின் நலனை. ஆனால் ஆணையை மதிக்காத பெற்றோர் மறுபெற்றோருடனான உறவைக் காப்பாற்றுவாரா என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

கடந்த 5 ஆண்டுக்குள் நீங்கள் குடும்ப வன்முறை செய்ததாக நீதிமன்றம் முடிவு செய்திருந்தால், குடும்பச் சட்டத்தின் 3044-ஆம் பிரிவின்படி உங்களுக்குக் கஸ்டடி தருவது குழந்தைக்கு நல்லதல்ல என்ற அனுமானத்தோடே விசாரணை தொடங்கும். அதை முறியடிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதற்கு நீதிபதி எடைபோடும் விஷயங்களில் இரண்டு: வகுப்பை முடித்தீர்களா, புரோபேஷன் நிபந்தனைகளைக் காப்பாற்றினீர்களா. ஆக, புரோபேஷனை ஒழுங்காக முடிப்பதுதான் குழந்தையைத் திரும்பப் பெறும் வழியே. மீறல் ஒன்று பதிவானால் அந்த வழி பல மாதங்களுக்கு அடைபடும்.

குழந்தையோடு ஓடிவிடும் அபாயம் இருக்கிறது என்று பட்டால் 3048-ஆம் பிரிவு கண்காணிப்போடு சந்திப்பு, பிணைத் தொகை, பாஸ்போர்ட் ஒப்படைப்பு, பயணத் தடை என்று போட அனுமதிக்கிறது. மற்ற நாட்டோடு வலுவான தொடர்பு இருப்பது அந்த அபாயத்தைக் கணிக்கும் காரணங்களில் ஒன்று. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் சொந்தங்கள் இருப்பது குற்றமல்ல, அது மட்டுமே போதுமான காரணமும் அல்ல. ஆனால் மீறலோடு சேரும்போது எடை கூடிவிடும்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு

எச்1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். பாதுகாப்பு ஆணையில் வன்முறை மிரட்டல், தொடர் தொந்தரவு, காயம் ஆகியவற்றிலிருந்து காக்கும் பகுதியை மீறியதாக நீதிமன்றம் முடிவு செய்தால், நாடு கடத்தலுக்கு அதுவே தனிக் காரணம். குற்றத் தண்டனைகூடத் தேவையில்லை. ஒரெகானில் ஒரு தந்தை, சந்திப்பு முடிந்து மகனைத் திருப்பி விடும்போது தெருவோரத்தில் இறக்கிவிடாமல் முன்னாள் மனைவியின் வீட்டு வண்டிப்பாதை வழியே உடன் நடந்து போனார். 100 கஜத் தடையை மீறியதாக முடிவானது. 2009-இல் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அது நாடு கடத்தலுக்குப் போதும் என்றது. கலிபோர்னியாவும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது.

சில குற்றங்களில் ஓராண்டு தண்டனை என்பது குடிவரவுச் சட்டத்தில் அபாயக் கோடு. நிறுத்தி வைத்த தண்டனையும் கணக்கில் சேரும். அதனால் மீறல் வழக்கில் சமரசம் பேசும்போது ஒவ்வொரு நாளும் முக்கியம். 2010-இல் வந்த படில்லா எதிர் கென்டக்கி தீர்ப்பின்படி, குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வரும் குடிவரவு விளைவைச் சொல்வது குற்றவியல் வக்கீலின் கடமை. நீங்களே கேளுங்கள்: "நான் ஒப்புக்கொண்டால் என் கிரீன் கார்டு என்ன ஆகும்?"

இப்போது ஊருக்குப் போவது பற்றி. கஸ்டடி தகராறில் தோற்கப் போகிறோம் என்று தோன்றியதும் குழந்தையோடு சென்னைக்கோ கொழும்புக்கோ விமானம் ஏறிவிடலாம் என்ற யோசனை சிலருக்கு வருகிறது. உறவினர்களும் "இங்க வந்துடு, பாத்துக்கலாம்" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். மறுபெற்றோரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு 16 வயதுக்குட்பட்ட குழந்தையை அமெரிக்காவை விட்டுக் கொண்டுபோவது 1993-இன் கூட்டாட்சிச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பார்க்கும் உரிமையும் அந்த உரிமைக்குள் அடங்கும். புரோபேஷனில் இருப்பவர் அனுமதியின்றிப் போனதே மீறல், வாரன்ட் காத்திருக்கும். வேறு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்ப நாடுகள் செய்துகொண்ட 1980-இன் ஹேக் குழந்தைக் கடத்தல் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இலங்கை 2001-இல் சேர்ந்தது. இந்தியா சேராததால் தப்பிக்கலாம் என்பது தவறான கணக்கு. அமெரிக்க நீதிமன்றம் மற்றவருக்குக் கஸ்டடி தந்த, அமெரிக்கக் குடியுரிமையுள்ள குழந்தையை உடன்படிக்கையில் இல்லாத நாட்டில் வைத்திருப்பவர், ஒப்படைக்கும்வரை திரும்ப அமெரிக்காவுக்குள் வரத் தகுதியில்லாதவர் ஆவார். குழந்தை வளர்ந்து திரும்பி வரும்போது நீங்கள் உடன் வர முடியாமல் போகும்.

வன்முறைக்குப் பயந்து ஓடுபவர்களுக்குச் சட்டம் வேறு கதவு வைத்திருக்கிறது. குழந்தைக்கு உடனடி உடல் தீங்கோ மனத் தீங்கோ நேரும் என்று நியாயமாக நம்பி எடுத்துப் போனால் 278.7-ஆம் பிரிவு காக்கும். ஆனால் 10 நாளுக்குள் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், காரணம் சொல்ல வேண்டும். 30 நாளுக்குள் கஸ்டடி வழக்கு தொடங்க வேண்டும். முகவரி மாறினால் அதையும் சொல்ல வேண்டும். அந்த முகவரியை அலுவலகம் ரகசியமாக வைத்திருக்கும்.

எதிர்த்தரப்பு மீறினால்

நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறீர்கள், அவர்தான் குழந்தையை அனுப்பவில்லை. இதுவும் நடக்கிறது, இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் போய்க் கதவைத் தட்டுவதோ, பள்ளியிலிருந்து கூட்டிப் போவதோ, பதிலுக்குக் குழந்தைப் பராமரிப்புப் பணத்தை நிறுத்துவதோ உங்களையே மாட்டிவிடும். சந்திப்பு மறுக்கப்பட்டாலும் பராமரிப்புக் கடமை நிற்காது என்று குடும்பச் சட்டம் 3556-ஆம் பிரிவு சொல்கிறது. பணம் வரவில்லை என்று சந்திப்பை நிறுத்தவும் முடியாது.

கைமாற்று இடத்துக்குச் சரியான நேரத்தில் போங்கள். அரை மணி காத்திருங்கள். பக்கத்துக் கடையில் ஒரு காபி வாங்கி, நேரம் அச்சிட்ட ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆணை அனுமதிக்கும் வழியில் மட்டும் ஒரு வரி செய்தி: "6 மணியிலிருந்து இங்கே இருக்கிறேன், 6.30 வரை காத்திருந்தேன்." கோபம் வேண்டாம், கேள்விக்குறி வேண்டாம். இப்படிச் சில பதிவுகள் சேர்ந்ததும் எஃப்எல்-410, எஃப்எல்-412 படிவங்களில் அவமதிப்பு மனு போடலாம். மீறல் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இங்கே ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பதால் தேதி, நேரம், ஆணையின் எந்த வரி என்று துல்லியமாக எழுதுங்கள். 3028-ஆம் பிரிவில் வீணான செலவை ஈடுகட்டக் கேட்கலாம். குழந்தையையே காணவில்லை என்றால் கவுண்டியின் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் குழந்தைக் கடத்தல் பிரிவை அணுகுங்கள். தேடிக் கண்டுபிடிப்பது அவர்களின் சட்டக் கடமை.

ஆணை நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்றால்

வேலை நேரம் மாறியது, வீடு தூரமானது, குழந்தை பெரியதானது. பழைய ஆணை பொருந்தாமல் போவது இயல்பு. மாற்ற வழி இருக்கிறது. சந்திப்பு நேரத்துக்கு எஃப்எல்-300 குடும்ப நீதிமன்றத்தில். புரோபேஷன் நிபந்தனைக்கும், சிஆர்-160-இல் விடுபட்ட அந்தக் கட்டத்துக்கும் குற்றவியல் நீதிமன்றத்தில் மனு. புரோபேஷனை மாற்றவும் முன்கூட்டியே முடிக்கவும் 1203.3-ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. ஊருக்குப் போய்வர வேண்டும் என்றால் டிக்கெட் வாங்கும் முன் இரண்டு அனுமதி வேண்டும்: உங்கள் பயணத்துக்குப் புரோபேஷன் தரப்பில், குழந்தையின் பயணத்துக்குக் குடும்ப நீதிமன்றத்திலோ மறுபெற்றோரின் எழுத்து ஒப்புதலிலோ. ஒப்புதலை வக்கீல்கள் மூலம் எழுதி, நீதிபதி கையெழுத்திட்டு ஆணையாக மாறும்வரை அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

மீறல் இல்லாமல் புரோபேஷன் முடிந்ததும் 1203.4-ஆம் பிரிவில் தண்டனையை நீக்கக் கேட்கலாம். வேலைக்கான பின்னணிச் சோதனையில் அது உதவும். குடிவரவு அதிகாரிகள் பொதுவாக அந்த நீக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கிரீன் கார்டு புதுப்பிக்கவோ குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவோ போகும் முன், நீக்கம் கிடைத்த பிறகும் ஒரு குடிவரவு வக்கீலிடம் முழு வழக்குக் கோப்பையும் காட்டிவிட்டுப் போங்கள்.